திரும்பி வரும் பணத்தை நம்பி வாங்காதீர்கள்: டெக்சாஸில் முதல் வீடும் வீட்டுச் சாதனங்களும்

டெக்சாஸில் முதல் வீடு வாங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் சில மாத இடைவெளிக்குள் இரண்டு பெரிய செலவுகளைச் செய்கின்றன. முதலில் வீடு, அதை ஒட்டியே அந்த வீட்டுக்கு வேண்டிய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிரையர். இவ்விரண்டு இடங்களிலும் விற்பவர் சொல்வது ஒன்றுதான்: இப்போது முழு விலையைக் கொடுங்கள், பிறகு இவ்வளவு உங்களுக்குத் திரும்பி வரும். கோ-ஆப்டெக்ஸ் கடையில் தள்ளுபடி என்றால் பில் போடும்போதே கழித்துவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, கழிக்காமலே ‘கழிவு போக விலை’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பது புதிய பழக்கமாக இருக்கிறது. அதை விலை என்றே நம்பி வரவு செலவுத் திட்டம் போட்டவர்கள் ஏமாந்து நிற்பதைத் தொடர்ந்து பார்த்து வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லும் வழிமுறை முழுவதற்கும் அடிப்படை ஒரே விதி. கைக்கு வந்து சேராத பணத்தின் மதிப்பு பூஜ்ஜியம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்ட பிறகும் அந்த வீடோ பொருளோ உங்கள் வசதிக்குள் இருந்தால் வாங்குங்கள். வாங்கிய பிறகு, வாக்களிக்கப்பட்ட பணத்தை ஒரு டாலர் விடாமல் கேட்டுப் பெறுங்கள்.

முதலில் சந்தையைப் புரிந்துகொள்ளுங்கள்

வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃப்ரெடி மேக் நிறுவனம் வெளியிடும் வாராந்திரச் சராசரியின்படி, 30 ஆண்டு நிலையான வீட்டுக் கடன் வட்டி 2021 ஜனவரியில் 2.65 விழுக்காடாக இருந்தது. 2023 அக்டோபரில் அது 7.79 விழுக்காட்டைத் தொட்டது. குறைந்த வட்டிக் காலத்தில் கடன் வாங்கியவர்கள், அந்தக் கடனை அடைத்துவிட்டு இரு மடங்கு வட்டியில் வேறு வீடு வாங்க விரும்பாமல், இருக்கும் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஆகவே நல்ல பள்ளிகள் உள்ள பழைய குடியிருப்புகளில் விற்பனைக்கு வரும் வீடுகள் குறைந்தன. மறுபக்கம், புதிய வீடுகளுக்கு அனுமதி வழங்குவதில் டெக்சாஸ் நாட்டின் முன்வரிசையில் இருப்பதால், டாலஸின் வடக்கே ஃபிரிஸ்கோவைத் தாண்டியும், ஹூஸ்டனின் மேற்கே கேட்டியைத் தாண்டியும், ஆஸ்டினைச் சுற்றி லியாண்டர் போன்ற ஊர்களிலும் பில்டர்கள் கட்டி முடித்த வீடுகளை விற்றாக வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். ஆஸ்டின் பகுதியில் 2022இல் உச்சம் தொட்ட விலை அதன் பிறகு கணிசமாக இறங்கியதற்கு இந்தப் புதிய கட்டுமானங்களும் ஒரு காரணம்.

இங்கே புதிதாக வருபவர்களுக்குத் தெரியாத இன்னொரு செய்தி உண்டு. வீடு என்ன விலைக்கு விற்றது என்பதைப் பொதுப் பதிவேட்டில் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் டெக்சாஸில் இல்லை. இணையதளங்களில் நீங்கள் பார்ப்பது விற்பவர் கேட்ட விலையும், தளம் தானாகப் போட்ட மதிப்பீடும்தான். உண்மையில் முடிந்த விலை, வீட்டுத் தரகர்களான ரியல்டர்கள் பயன்படுத்தும் எம்எல்எஸ் தரவுத் தளத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு வீட்டின் மீது மனம் வைத்தவுடனே, அதே பகுதியில் கடந்த ஆறு மாதங்களில் முடிந்த விற்பனைகளின் பட்டியலை உங்கள் ரியல்டரிடம் கேட்டு வாங்குங்கள். விலையோடு சேர்த்து, விற்றவர் வாங்கியவருக்குக் கொடுத்த சலுகைத் தொகையையும் கேளுங்கள். அதைக் கழிக்காமல் பார்த்தால், ‘பக்கத்து வீடு நாலரை லட்சத்துக்குப் போயிற்று’ என்ற செய்திக்குப் பொருள் இல்லை.

ரியல்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்ட் 17 முதல், ரியல்டர்களின் தேசிய சங்கம் செய்துகொண்ட வழக்குத் தீர்வின்படி, வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே வாங்குபவரும் அவருடைய ரியல்டரும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்; ரியல்டருக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்பது அதில் இருக்கும். ரியல்டர் தம் தரகுத் தொகையில் ஒரு பகுதியை வாங்குபவருக்குத் திருப்பித் தருவது டெக்சாஸில் சட்டப்படி செல்லும். நம் மக்களிடையே இது மிகவும் பரவலான வழக்கமும்கூட. ஆனால் வாட்ஸ்அப்பில் சொன்ன விழுக்காடு போதாது. அது அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும், கடன் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், க்ளோசிங் (கையெழுத்திட்டு விற்பனையை முடிக்கும் நாள்) கணக்கில் தனிப் பதிவாக இடம்பெற வேண்டும். கணக்கில் காட்டாமல் பிறகு தனியாகத் தருகிறேன் என்று சொல்பவரிடம் நன்றி சொல்லி விலகிவிடுங்கள்.

பில்டர் தரும் சலுகையை அளந்து பாருங்கள்

பில்டர்கள் விலையைக் குறைப்பதைவிடச் சலுகை கொடுப்பதையே விரும்புகிறார்கள். ஒரு வீட்டின் விலையைக் குறைத்தால் அந்தக் குடியிருப்பின் மற்ற வீடுகளின் மதிப்பீடும் அதோடு இறங்கும் என்பது அவர்கள் கவலை. ஆகவே க்ளோசிங் செலவுக்கு இத்தனை ஆயிரம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டி, ஃபிரிட்ஜ், வாஷர், டிரையர் இலவசம் என்ற வடிவில் சலுகை வருகிறது. பெரும்பாலும் இவை பில்டரின் சொந்த லெண்டரிடமே கடன் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகின்றன. அந்த லெண்டரிடம்தான் வாங்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அங்கே வாங்கினால்தான் சலுகை என்று சொல்ல முடியும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு பேசுங்கள்.

அளக்கும் முறை இது. பில்டரின் லெண்டரிடமும், வெளியே வேறு இரண்டு இடங்களிலும் ஒரே நாளில் விண்ணப்பித்து, லோன் எஸ்டிமேட் என்ற மூன்று பக்கப் படிவத்தைப் பெறுங்கள். விண்ணப்பித்த மூன்று வேலை நாள்களுக்குள் அதை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். வீட்டுக் கடனுக்காக 45 நாள்களுக்குள் பல லெண்டர்கள் உங்கள் கிரெடிட் அறிக்கையைப் பார்த்தாலும் அது ஒரே விசாரணையாகவே கொள்ளப்படும். ஆகவே கிரெடிட் ஸ்கோர் விழுந்துவிடும் என்று தயங்க வேண்டியதில்லை. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘ஏ’ பிரிவில் லெண்டரின் சொந்தக் கட்டணங்களும், வட்டியைக் குறைக்க நீங்கள் கட்டும் பாயிண்டுகளும் இருக்கும். வெளி லெண்டரைவிடக் கூடுதல் கட்டணமும் கூடுதல் வட்டியும் வைத்துவிட்டு 15,000 டாலர் சலுகை என்று சொன்னால், அதில் எவ்வளவு உங்கள் பணமே என்பது அந்தப் பக்கத்தில் தெரிந்துவிடும்.

வட்டிச் சலுகையில் ‘2-1 பைடவுன்’ என்பது தற்காலிகமானது. 4 லட்சம் டாலர் கடனுக்கு 6.5 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 2,528 டாலர். முதல் ஆண்டு 4.5 விழுக்காட்டுக் கணக்கில் 2,027, இரண்டாம் ஆண்டு 5.5 விழுக்காட்டுக் கணக்கில் 2,271 கட்டுவீர்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து 2,528தான். அதற்குள் வட்டி இறங்கிவிடும், கடனை மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பனைப் பணியாளர் சொல்வார். இறங்கலாம், இறங்காமலும் போகலாம். உங்கள் குடும்பம் 2,528 டாலரை முதல் மாதத்திலேயே தாங்குமா என்று மட்டும் பாருங்கள். நிரந்தரமாக வட்டியைக் குறைத்துத் தரக் கேட்பது இதைவிட நல்லது.

இலவசச் சாதனங்களுக்கு விற்பனைப் பணியாளர் சொல்லும் மதிப்பை ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தில் மாடல் எண்ணை எழுதச் சொல்லி, அந்த மாடல் கடையில் என்ன விலை என்று பார்த்தால் உண்மை மதிப்பு தெரியும். அது சிறியதாக இருந்தால், அந்தத் தொகையை க்ளோசிங் செலவில் சேர்க்கக் கேளுங்கள். (நம் சமையலுக்கு இதில் ஒன்று முக்கியம்: அடுப்பின் மேலுள்ள மைக்ரோவேவின் காற்றோட்டி வெளிச்சுவர் வழியாகப் புகையை வெளியேற்றுகிறதா, அல்லது சமையலறைக்குள்ளேயே திருப்பி ஊதுகிறதா என்று கேளுங்கள். தாளிப்பு நெடி வெளியேறும் குழாயைப் பிறகு அமைப்பது பெரும் செலவு.)

புதிய வீட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி சொத்து வரிதான். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அந்த இடத்தைச் சொத்து வரி நிரப்புகிறது. நீர் வழங்கல் மாவட்டத்தின் தனி வரியும் சேரும் புதிய குடியிருப்புகளில் மொத்தம் 2.5 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. ஆண்டின் ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்தே வரி மதிப்பிடப்படுவதால், அன்று வீடு கட்டப்படாமல் இருந்தால் அந்த ஆண்டுக்கு மனைக்கு மட்டுமே வரி வரும். ஒரு கணக்குப் பாருங்கள். 4.5 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 2.5 விழுக்காடு என்றால், விலக்குகளைச் சேர்க்காமல், ஆண்டுக்கு 11,250 டாலர். மனை மட்டும் 90,000 என்றால் 2,250. லெண்டர் இந்த 2,250ஐ வைத்து எஸ்க்ரோவை (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்து வசூலித்து வைக்கும் தொகை) கணக்கிட்டால், மறு ஆண்டு 9,000 டாலர் பற்றாக்குறையையும், இனிமேல் வர வேண்டிய உயர்ந்த தொகையையும் சேர்த்துக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். பில்டர் கொடுத்த சலுகையில் பெரும்பகுதியை அந்த ஒரு கடிதமே விழுங்கிவிடும். க்ளோசிங்குக்கு மூன்று வேலை நாள்களுக்கு முன் கைக்கு வர வேண்டிய க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற இறுதிக் கணக்குப் படிவத்தில், எஸ்க்ரோ முழு வீட்டின் வரியை வைத்துக் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறுபாட்டை நீங்களே மாதந்தோறும் தனியே எடுத்து வையுங்கள். குடியேறியதும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு (குடியிருக்கும் சொந்த வீட்டின் வரி மதிப்பில் ஒரு பகுதியைக் கழிக்கும் சலுகை) விண்ணப்பியுங்கள். பள்ளி வரிக்கான இந்த விலக்கு 2023இல் ஒரு லட்சம் டாலராகவும், 2025இல் 1.4 லட்சமாகவும் உயர்ந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. கட்டணம் கேட்டு வரும் கடிதங்களை ஒதுக்கிவிடுங்கள்.

பழைய வீடு வாங்குபவர்களுக்கு இதில் பல சிக்கல்கள் இல்லை. மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் பொது ஒப்பந்தப் படிவத்தில், சிறு கட்டணத்துக்கு, எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளும் ‘ஆப்ஷன்’ காலத்தைப் பேசி வைக்கலாம்; அதற்குள் இன்ஸ்பெக்‌ஷனை முடியுங்கள். பெரிய பில்டர்கள் தங்கள் சொந்த ஒப்பந்தத்தையே பயன்படுத்துவதால் இந்தப் பாதுகாப்பு அங்கே பெரும்பாலும் கிடைக்காது. சுவரோடு பொருத்திய டிஷ்வாஷர், அடுப்பு ஆகியவை வீட்டோடு வரும். ஃபிரிட்ஜ், வாஷர், டிரையர் தாமாக வந்துவிடாது. பார்க்கப் போன அன்று அங்கே இருந்தது என்பது கணக்கில்லை. அவற்றையும் விட்டுச் செல்ல விற்பவர் சம்மதித்தால், அதற்கென்று உள்ள தனி இணைப்புப் படிவத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

சாவி கைக்கு வரும் வரை கடையில் கடன் வேண்டாம்

வீடு உறுதியானதுமே கடைக்குச் சென்று, அந்தக் கடையின் புதிய கடன் அட்டையை எடுத்தால் கிடைக்கும் தள்ளுபடிக்காக நான்காயிரம், ஐந்தாயிரம் டாலருக்குப் பொருள் வாங்கிவிடுகிறார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். க்ளோசிங்குக்குச் சற்று முன் லெண்டர் உங்கள் கிரெடிட்டை மீண்டும் பார்ப்பார். புதிய கடன் தெரிந்தால் விளக்கம் கேட்பார், தேதி தள்ளிப்போகலாம், கடனே மறுக்கப்படலாம். நாட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன, கிரெடிட் வரலாறு மெல்லியதாக உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். கடைக்குப் போய் அளவு எடுங்கள், மாடல் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பது கையெழுத்து முடிந்த பிறகு இருக்கட்டும்.

‘18 மாதம் வட்டியில்லை’ என்ற அறிவிப்பின் கீழே ‘அந்தக் காலத்துக்குள் முழுவதும் அடைத்தால்’ என்ற வரி இருந்தால், கடைசி மாதத்தில் 50 டாலர் பாக்கி இருந்தாலும், முதல் நாளிலிருந்து கணக்கிட்ட வட்டி முழுவதும் உங்கள் மேல் விழும். குறைந்தபட்சத் தவணை மட்டும் கட்டிக்கொண்டு போனால் கடன் அந்தத் தேதிக்குள் முடியும் என்பதற்கு உறுதி இல்லை. மொத்தத் தொகையை 17ஆல் வகுத்து அதையே தானியங்கித் தவணையாக வையுங்கள்.

வாங்கும் காலத்திலும் கவனம் வேண்டும். மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டேயை ஒட்டிச் சனி முதல் திங்கள் வரை, மின்சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் முத்திரை பெற்ற சில சாதனங்களுக்கு டெக்சாஸில் விற்பனை வரி இல்லை. வாஷிங் மெஷின், டிஷ்வாஷர், 2,000 டாலருக்கு மேற்படாத ஃபிரிட்ஜ் ஆகியவை இதில் அடங்கும். டிரையரும் வாட்டர் ஹீட்டரும் அடங்கா. டெலிவரிக் கட்டணமும் விலையோடு சேரும் என்பதால், 1,980 டாலர் ஃபிரிட்ஜுக்கு 50 டாலர் டெலிவரி போட்டால் வரம்பைத் தாண்டி, வரி முழுவதும் வந்துவிடும். உள்ளூர் வரியோடு சேர்த்து 8.25 விழுக்காடு உள்ள ஊரில் 1,900 டாலர் ஃபிரிட்ஜுக்கு 156.75 டாலர் மிச்சம். இது பில்லிலேயே கழியும். யாரிடமும் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ரிபேட்டைவிடவும், அதாவது பிறகு திருப்பித் தருவதாகச் சொல்லும் கழிவைவிடவும், இதை நான் மேலாகக் கருதுகிறேன்.

ரிபேட்டை எப்படிக் கேட்டுப் பெறுவது

ரிபேட் என்று எழுதியிருப்பதைக் கண்டால், முதல் கேள்வி: இது பில்லில் கழிகிறதா, பிறகு வருகிறதா? பிறகு வருவதானால், எந்த வடிவில் வருகிறது? காசோலையா, காலாவதியாகும் முன்பணம் ஏற்றிய அட்டையா, அதே கடையில் மட்டும் செல்லும் கூப்பனா? நடு மேற்கு மாநிலங்களில் புகழ்பெற்ற மெனார்ட்ஸ் கடையின் 11 விழுக்காடு ரிபேட் கடைசி வகையைச் சேர்ந்தது. அங்கே மீண்டும் வாங்குபவருக்கே அது பணம். உற்பத்தியாளர் பிறகு தரும் ரிபேட்டில் இன்னொரு குறையும் உண்டு: விற்பனை வரி முழு விலைக்கும் வசூலிக்கப்படும். 1,900 டாலரில் 200ஐக் கடையே கழித்தால் வரி 1,700க்குத்தான். பிறகு வரும் 200க்கு அந்த மிச்சம் இல்லை.

நான்கு சமையலறைச் சாதனங்களை ஒரே பிராண்டில் வாங்கினால் இத்தனை நூறு டாலர் என்ற கூட்டு ரிபேட்டுகளில்தான் அதிகமானவர்கள் தோற்கிறார்கள். அவற்றின் நிபந்தனைகள் வழக்கமாக இப்படி இருக்கும்: எல்லாம் ஒரே இன்வாய்ஸில் இருக்க வேண்டும், பட்டியலில் உள்ள மாடல்களாக மட்டுமே இருக்க வேண்டும், குறிப்பிட்ட தேதிக்குள் வாங்கியிருந்தால் போதாது, டெலிவரியும் ஆகியிருக்க வேண்டும். நான்கில் ஒன்று இருப்பில் இல்லாமல் தாமதமானாலோ, கீறல் விழுந்து வந்ததைத் திருப்பி அனுப்பி வேறு மாடல் வாங்கினாலோ மொத்த ரிபேட்டும் போகும். மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் நிறத்தையோ பதிப்பையோ குறிப்பவை. பார்வைக்கு ஒரே ஃபிரிட்ஜாக இருந்தாலும் ஓர் எழுத்து வேறாக இருந்தால் பட்டியலில் இருக்காது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் ரிபேட் படிவத்தை அச்சிட்டு, பட்டியலில் உள்ள எண்களை இன்வாய்ஸோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். டெலிவரி தேதியை இன்வாய்ஸிலேயே எழுதச் சொல்லுங்கள்.

முகவரியில்தான் நம்மவர்கள் மிக அதிகமாகச் சறுக்குகிறார்கள். பில் அபார்ட்மென்ட் முகவரிக்கு, டெலிவரி புதிய வீட்டுக்கு, விண்ணப்பத்தில் வேறொன்று, பெயரில் தந்தை பெயர் முன்னும் பின்னுமாக மாறிக் கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு, இன்வாய்ஸில் கணவர் பெயரும் விண்ணப்பத்தில் மனைவி பெயரும் இருந்த ஒரே காரணத்தால் மறுப்புக் கடிதம் வந்தது. அதுவும் அவர்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய முகவரிக்கு வந்ததால், மேல்முறையீட்டுக் கெடுவும் முடிந்திருந்தது. ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டு, புதிய வீட்டின் முகவரி என்று எல்லா இடத்திலும் ஒன்றாக வையுங்கள். பொருள் வந்த அன்றே, அட்டைப் பெட்டியை டெலிவரிக்காரர்கள் எடுத்துச் செல்லும் முன், அதிலுள்ள பார்கோடையும், சாதனத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் படம் எடுங்கள். ஃபிரிட்ஜில் உட்பக்கச் சுவரிலும், வாஷரில் கதவு விளிம்பிலும் அது இருக்கும். அந்த வாரமே இணையத்தில் விண்ணப்பித்து, வரும் உறுதிப்படுத்தல் எண்ணைச் சேமியுங்கள். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்றால், அசலை அனுப்பும் முன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து, தபால் நிலையச் சான்றோடு அனுப்புங்கள்.

எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று அவர்கள் சொல்லும் நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வரும் அட்டை விளம்பரத் தபால் போன்ற வெற்று உறையில் வரும். பிரிக்காமல் குப்பையில் போடுபவர்கள் பலர். வந்தவுடன் மின்கட்டணத்துக்கோ மளிகைக்கோ முழுவதையும் செலவழித்துவிடுங்கள்.

மின் நிறுவனங்கள் தரும் ரிபேட் தனி வகை. ஆஸ்டின் எனர்ஜி, சான் அன்டோனியோவின் சிபிஎஸ் எனர்ஜி ஆகியவை நகராட்சிக்குச் சொந்தமானவை. அவற்றின் திட்டங்களை அவற்றின் தளங்களிலேயே பார்க்கலாம். மின் இணைப்பு யார் பெயரிலோ அவர் பெயரில் விண்ணப்பியுங்கள். ஹீட் பம்ப் போன்றவற்றுக்குக் கூட்டரசு வருமான வரியில் கிடைத்துவந்த சலுகை 2025 டிசம்பர் 31க்குப் பிறகு பொருத்துபவற்றுக்கு இல்லை. அதை இன்னும் விலையில் கழித்துக் காட்டும் விற்பனையாளர் சொல்லை நம்ப வேண்டாம்.

வரவில்லை என்றால்

குறித்த நாள் கடந்ததும் ரிபேட் மையத்தை அழையுங்கள். பேசியவர் பெயர், தேதி, சொன்ன காரணம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ‘சீரியல் எண் தெளிவாக இல்லை’ என்பது போன்ற மறுப்புகள் பெரும்பாலும் திருத்தி மீண்டும் அனுப்பக்கூடியவை. படங்கள் கையில் இருந்தால் அன்றே முடிந்துவிடும். அதன் பிறகும் இழுத்தால், விற்ற கடையின் மேலாளருக்கும் உற்பத்தியாளருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ரிபேட்டை விளம்பரம் செய்துவிட்டுக் காலம் கடத்துவதைக் கூட்டரசு வணிக ஆணையம் தவறாகவே கருதுகிறது. 2005இல் கணினிக் கடை நிறுவனமான காம்ப்யுஎஸ்ஏ மீது அது இதற்காக நடவடிக்கை எடுத்தது. அந்த ஆணையத்திலும், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். தொகை பெரியதென்றால், 20,000 டாலர் வரையான வழக்குகளை ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். உங்கள் பெயரில் காசோலை அனுப்பப்பட்டு, வீடு மாறிய குழப்பத்தில் கைக்கு வராமல் போயிருந்தால், உரிமை கோரப்படாத பணமாக அது மாநிலக் கருவூலத்துக்குச் சென்றிருக்கலாம். மாநில நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலர் நடத்தும் தேடல் தளத்தில் உங்கள் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டுகளையும், நீங்கள் குடியிருந்த பழைய முகவரிகளையும் இட்டுத் தேடிப் பாருங்கள்.